நார்தம் ரோட் கல்லறையில பிள்ளைங்களுக்கு ஒரு புதையல் வேட்டை

ஸ்கூல் லீவு விட்டா போதும், வீட்டு வாண்டுங்க எல்லாம் போனும் கையுமா சோபாவுல கெடக்குங்க, மாலுக்கு கூட்டிட்டு போனா காசுதான் கரையும். அதனால நான் மூணு வருஷமா வேற ஒன்னு பண்றேன், பினாங்கு ஜார்ஜ்டவுன்ல நார்தம் ரோட்டுல (இப்ப ஜாலான் சுல்தான் அகமட் ஷா) இருக்கிற பழைய புரோட்டெஸ்டன்ட் கல்லறைக்கு அதுங்கள கூட்டிட்டு போய் புதையல் வேட்டை விடுறேன். முதல் வருஷம் எங்கம்மா திட்டின திட்டு இருக்கே, திரும்பி வந்து தலைக்கு ஊத்துனப்புறம் தான் வாசப்படியவே தாண்ட விட்டாங்க. இப்ப அவங்களே சாயங்காலம் "எந்த கல்லுடா கெடச்சிது"ன்னு கேக்குறாங்க.

நீங்களும் பண்ணணும்னா, மொதல்ல ஒரு வாரம் முன்னாடி தனியா போங்க. காலையில எட்டு மணிக்கு போனா நல்லது, வெயில் சாய்வா அடிக்கும்போது தேய்ஞ்ச எழுத்து கூட தெரியும், அதே கல்ல பன்னெண்டு மணிக்கு பார்த்தா மொட்டையா இருக்கும். நிழல்ல இருக்கிற கல்லுக்கு டார்ச் லைட்ட பக்கவாட்டுல பிடிங்க, நேரா அடிக்காதீங்க. எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் பூசுறது, மாவு தடவுறது, பேப்பர் வச்சி கிரேயான்ல தேய்க்கிறது இதெல்லாம் வேணாம், இருநூறு வருஷ கல்லு, உதிர்ந்து போயிரும். ஏழெட்டு கல்லு மட்டும் எடுங்க, அதுக்கு மேல போனா சின்னதுங்க "கால் வலிக்குது"ன்னு ஆரம்பிச்சிரும்.

க்ளூ எழுதுறதுல தான் சமாச்சாரமே இருக்கு. "பிரான்சிஸ் லைட் கல்லறைய கண்டுபிடி"ன்னு எழுதினா ஓடிப்போய் தொட்டுட்டு அடுத்ததுக்கு ஓடிரும், ஒரு வரி படிக்காது. நான் எழுதுறது இப்படி: "1786ல இந்த தீவுல பிரிட்டிஷ் கொடி ஏத்துனாரு, எட்டே வருஷத்துல மலேரியா காய்ச்சல் கொண்டு போயிருச்சு, யாரு?" இப்ப கூட்டி 1794ன்னு போட்டுக்கிட்டு ஒவ்வொரு கல்லுலயும் வருஷம் தேடணும், தேடுற வழியில இருபது முப்பது வயசுலயே போன கப்பல்காரங்க, வெள்ளைக்கார பொம்பளைங்க, கைக்குழந்தைங்கன்னு கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும், "ஏன் எல்லாரும் சின்ன வயசுலயே செத்துட்டாங்க"ன்னு தானா கேக்கும். அந்த கேள்வி வந்தா வேட்டை ஜெயிச்ச மாதிரி.

இன்னும் ரெண்டு க்ளூ தரேன், எடுத்துக்குங்க. "நம்ம பக்கத்து நாட்டுக்கு இந்தோனேசியாங்கிற பேர பிரபலமாக்குன லாயர்", இது ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், 1869ல செத்தாரு, அவருக்கு கோர்ட்டு வளாகத்துல ஒரு நினைவுச்சின்னம் கூட இருக்கு. இன்னொன்னு, "இவரு 31 வயசுல போனாரு, பொண்டாட்டி அப்புறம் சயாம் ராஜா பிள்ளைங்களுக்கு டீச்சரா போனாங்க", தாமஸ் லியோனோவன்ஸ், 1859. பேரு கெடச்சதும் போட்டோ எடுத்துட்டு வரணும், எதையும் பறிக்கக்கூடாது, மேசை மாதிரி இருக்கிற கல்லறை மேல ஏறி உக்காரக்கூடாது, ரெண்டு தடவை மீறினா சென்டோல் (தேங்காப்பால் ஊத்துன ஐஸ்) கிடையாது.

பரிச எங்கயும் ஒளிச்சி வைக்காதீங்க. முதல் வருஷம் நான் புத்திசாலியா ஃபிராஞ்சிபானி மரத்தடியில (மலாய்க்காரங்க கெம்போஜாம்பாங்க, அந்த கல்லறை பூராவும் அதுதான்) சாக்லேட்டு வச்சேன், போய் பார்த்தா கட்டெறும்பு கூட்டமா விருந்து சாப்பிடுது, ஒருத்தனுக்கு கைய கடிச்சி வெச்சிருச்சு. அப்புறம் கொசு, அதுக்கு மருந்து கண்டிப்பா தடவிட்டு போங்க. விழுந்து கெடக்கிற பூ மழைக்கப்புறம் வழுக்கும், செருப்பு வேணாம், ஷூ போடுங்க.

கடைசி கல்லு எப்பவும் பாதிரியார் ஹட்சிங்ஸ், அவரு கல்லறையிலேர்ந்து வெளிய போற வழி கெடைக்கும். 1816ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல ஆரம்பிச்சவரு அவரு, "இவரு ஸ்கூல் பழைய கட்டடம் இப்ப என்ன"ன்னு கேட்டா ஃபர்குவார் ஸ்ட்ரீட் மியூசியத்துக்கு நடந்தே வந்துரும், பக்கத்துலயே செயின்ட் ஜார்ஜ் சர்ச். சர்ச் வாசல்ல ஒரு வெள்ளை மண்டபம் இருக்கு, அது 1886ல பிரான்சிஸ் லைட்டுக்கு கட்டுன நினைவு மண்டபம், அங்க ஒரு பொறி வைங்க: "லைட்ட எங்க பொதச்சிருக்காங்க, இங்கயா அங்கயா?" காலையில கல்லறையவே பார்த்துட்டு வந்தும் பாதி பேரு இங்கன்னு எழுதுறாங்க!

போன வருஷம் எங்கக்கா மக, பத்து வயசு, சர்ச் தூண்ல சாஞ்சிக்கிட்டு "மாமா, எல்லாமே வெள்ளைக்காரன் பேரா இருக்கே, நம்ம ஆளுங்க எங்க"ன்னு கேட்டா. நான் ஒரு நிமிஷம் முழிச்சேன். அந்த சர்ச்ச 1818ல கட்டி முடிச்சது இந்தியாவிலேர்ந்து கப்பல்ல கொண்டு வந்த கைதிங்க, அதனால இப்ப கடைசி க்ளூ இதுதான்: "இந்த சர்ச்ச கட்டுனவங்கள்ல ஒருத்தர் பேர தேடி எழுது." டிசைன் போட்ட ராபர்ட் ஸ்மித்னு சிலது எழுதும், அதுக்கு பாதி மார்க்கு. தூண் தூணா தேடிப்பார்த்துட்டு வெறும் பேப்பர குடுத்து "யாரு பேரும் போடல"ன்னு சொல்றதுக்கு முழு மார்க்கு.

அதோட விட்டா பிள்ளைங்க முகம் தொங்கிரும், அதனால அங்கேர்ந்து நடந்து கம்போங் கோலாம் தெருவுக்கு வாங்க. 1801ல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல ஆரம்பிச்ச காதர் முகைதீன், சூலியா முஸ்லிம்களோட (தென்னிந்தியாவிலேர்ந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்) தலைவரு, அவரு சமாதி அங்கதான் இருக்கு. அக்கா மக அங்க போனதும் பேர ரெண்டு தடவ எழுதி அடிக்கோடு போட்டா. பள்ளிவாசலுக்கும் போறதா இருந்தா தோள், முட்டி மூடுற மாதிரி துணி போட சொல்லுங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரம், அந்த நாள் மட்டும் வேணாம்.