அமெரிக்க வழக்குச் செய்தி: அது எந்த நீதிமன்றம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்க நீதிமன்றங்கள் கீழிருந்து மேல்வரை ஒரே வரிசையில் இல்லை. ஃபெடரல் அரசுக்கு (நாடு முழுவதற்குமான மத்திய அரசுக்கு) ஒரு வரிசை, 50 மாநிலங்களுக்கும் தலைக்கு ஒரு வரிசை. ஆகவே செய்தியில் ஒரு வழக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது யாருடைய நீதிமன்றம் என்பதைத்தான். எவ்வளவு பெரிய நீதிமன்றம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: வழக்கின் பெயரைப் பாருங்கள்

குற்ற வழக்கு என்றால் இது சுலபம். "யுனைடெட் ஸ்டேட்ஸ் எதிர் இன்னார்" என்று இருந்தால் ஃபெடரல் வழக்கு. "ஸ்டேட் எதிர்" என்றோ, கலிஃபோர்னியா, நியூயார்க் போல "பீப்பிள் எதிர்" என்றோ, பென்சில்வேனியா போல "காமன்வெல்த் எதிர்" என்றோ தொடங்கினால் மாநில வழக்கு. சிவில் வழக்குக்கு இந்த வழி உதவாது.

படி 2: எந்தச் சட்டத்தை வைத்து வழக்கு?

விவாகரத்து, குழந்தை யாரிடம் வளர்வது, உயில், வாடகைத் தகராறு, சாதாரணத் திருட்டு, பெரும்பாலான கொலைகள் எல்லாம் மாநில நீதிமன்றத்துக்குப் போகும். நாட்டின் வழக்குகளில் மிகப் பெரும்பகுதி அங்கேதான் முடிகிறது. திவால், காப்புரிமை, பதிப்புரிமை வழக்குகளோ ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியவை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவாரசியமான வாசல் இருக்கிறது. வழக்குப் போட்டவரும் எதிராளியும் வேறு வேறு மாநிலத்தவர்கள், கேட்கும் தொகையும் 75,000 டாலருக்கு மேல் என்றால், சாதாரண ஒப்பந்தச் சண்டைகூட ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். உள்ளூர் நீதிமன்றம் உள்ளூர்க்காரருக்குச் சாய்ந்துவிடுமோ என்ற பழைய பயம்தான் காரணம். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஃபெடரல் நீதிபதி அந்த வழக்கைத் தீர்ப்பது மாநிலச் சட்டத்தை வைத்து! புதிதாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறினால் ஆச்சரியமில்லை.

ஒரே செயல் இரு சட்டங்களையும் மீறவும் கூடும். வங்கிக் கொள்ளை நல்ல உதாரணம். அப்போது மாநிலமும் ஃபெடரல் அரசும் தனித்தனியே வழக்கு நடத்தலாம். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரணையா என்ற கேள்வி 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டும் தனித்தனி அரசுகள், அதனால் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படி 3: ஃபெடரல் என்றால், எந்தத் தட்டு?

அடித்தட்டில் 94 மாவட்ட நீதிமன்றங்கள். சாட்சி, ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) எல்லாம் இங்கேதான். அதற்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். அங்கே வழக்கமாக மூன்று நீதிபதிகள், கீழே சட்டம் சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று பார்ப்பார்கள். புதிய சாட்சி கிடையாது. இவற்றைச் செய்திகளில் "சர்க்யூட்" என்பார்கள்; "ஒன்பதாவது சர்க்யூட்" என்றால் ஒன்பதாவது தரம் என்று எண்ண வேண்டாம். கலிஃபோர்னியா உட்பட மேற்குப் பகுதி மாநிலங்களுக்கான எல்லை எண் அது.

படி 4: மாநிலம் என்றால், பெயரை நம்பாதீர்கள்

நியூயார்க்கில் "சுப்ரீம் கோர்ட்" என்பது முதல் விசாரணை நடக்கும் இடம். அங்கே எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது "கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்". டெக்சாஸில் உச்சியிலேயே இரண்டு நீதிமன்றங்கள், சிவிலுக்கு ஒன்று, குற்ற வழக்குக்கு ஒன்று. "சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு" என்ற தலைப்பைப் பார்த்ததும், எந்த ஊர் சுப்ரீம் கோர்ட் என்று ஒரு வரி கீழே படித்துவிடுங்கள். அவசரத்தில் எழுதும் செய்திகளில் இதைப் பல முறை கோட்டை விடுகிறார்கள்.

படி 5: வாஷிங்டன் வரை போகுமா?

மாநில வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால், அதில் ஃபெடரல் சட்டமோ அரசியலமைப்போ சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பது மட்டுமே கேள்வி என்றால், அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னதே கடைசி வார்த்தை.

போனாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் சரி என்றால்தான் விசாரணை. மனு தள்ளப்பட்டது என்றால் கீழ்த் தீர்ப்பு அப்படியே நிற்கிறது என்று மட்டும் பொருள். உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது என்று எழுதினால் அது தவறு.