சிறையில் கண் விழிக்கும் ஆட்டத்தை நடத்துவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தில் எங்கள் குழுவுக்கு நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தும் ஆள். முதல் தடவை நண்பர்கள் ஆடும் கேரக்டர்களைச் சிறையில் அடைத்தபோது, "கண் விழிக்கிறீர்கள், உடம்பில் கோவணம்தான் மிச்சம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். ஃபைட்டராக, அதாவது போர்வீரராக, ஆடிய நண்பர் அன்று இரவு முழுக்க வாயே திறக்கவில்லை. இப்போதெல்லாம் முந்தைய வாரமே "பிடிபடப் போகிறீர்கள், சம்மதமா?" என்று கேட்டுவிடுகிறேன்.

அடுத்து, யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடுங்கள். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் பிளேட் கவசத்தின் ஏசி, அதாவது அடி படாமல் காக்கும் எண், 18. அதைக் கழற்றினால் 10, கூடவே டெக்ஸ்டெரிட்டி, அதாவது சுறுசுறுப்பு, தரும் கூடுதல். பிளேட் போடுகிறவருக்கு அது பெரும்பாலும் பூஜ்யம்தான். வெறுங்கையால் சண்டை போடும் மாங்குக்கோ ஒன்றுமே ஆகாது. அவருக்குக் கவசமும் வேண்டாம், ஆயுதமும் வேண்டாம். மந்திரவாதியான விசார்டின் மந்திரப் புத்தகம் போனாலும் ஏற்கெனவே தயார் செய்த மந்திரங்கள் கையிருப்பில் இருக்கும். ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரத்துக்கு வாயால் ஒரு சொல்லும் கையால் ஒரு சைகையும் போதும். வாயைக் கட்டினால் அதுவும் போய்விடும். அதனால் நான் யார் வாயையும் கட்டுவதில்லை.

ஆக, அறையில் வைக்கும் பொருட்கள் ஃபைட்டருக்காக. உடைந்த பெஞ்சுக் கால், வாளியின் இரும்புக் கைப்பிடி, இப்படி. கையில் கிடைத்ததை ஆயுதமாக்கினால் டி4 அடி, அதாவது நான்கு முகப் பகடை காட்டும் அளவு. அதுவே பெரிய சொத்தாகத் தெரியும். 2014 விதிப்படி கைவிலங்கை உடைக்கப் பகடை எண்ணும் உடல் வலிமைக்கான கூடுதலும் சேர்ந்து 20 வர வேண்டும். அதை அப்படியே விட்டால் மாலை முழுக்கப் பகடை உருட்டல்தான். ஒவ்வொரு தோல்விக்கும் சத்தம் கேட்டுக் காவலன் ஒருவன் வரட்டும், இடுப்பில் சாவியோடு.

அந்தக் காவலன்தான் எனக்குப் பிடித்த ஆள். ஃபைட்டரின் ஹெல்மெட்டை மாட்டியிருப்பான். அளவு பெரிது, கண்ணை மறைக்க மறைக்க விரலால் மேலே தள்ளிக்கொண்டே பேசுவான். இரண்டாம் தடவை இதைச் செய்து காட்டினேன். அதே நண்பர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அப்புறம், கேரக்டரின் விவரம் எழுதிய ஷீட்டில் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். பறிபோன பொருட்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, பழைய மொய்க்கவர் ஒன்றில் போட்டு மேஜை நடுவில் வையுங்கள். இரண்டு அமர்வுக்குள் எல்லாம் திரும்ப வேண்டும், ஆனால் ஒவ்வொன்றாக. எங்கள் ஆட்டத்தில் முதலில் வந்தது ஹெல்மெட். வாள் இருந்த இடம் தளபதியின் சாப்பாட்டு மேஜை. அவர் அதை வைத்துப் பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.