ஒரு நாளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்

பயணத்தை வரைபடமாக்கித் தரும்படி எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். திரையில் ஒரு நீலக் கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. அதையே நல்ல தாளில் வரைந்து சட்டம் போட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கோடு அதே வழியில் போன எல்லாருக்கும் பொது. உங்கள் வீட்டு மனிதர் எங்கே காத்துக் கிடந்தார், எந்த இடத்தைத் தூக்கத்திலேயே கடந்தார் என்பதெல்லாம் அதில் வராது. அதனால் நான் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை அளவுகோலாக வைக்கிறேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் அப்பா தொடங்கிய படச்சட்டக் கடையை இப்போது நான் நடத்துகிறேன். சாமி படங்களும் பட்டமளிப்புப் படங்களும்தான் பிழைப்பு. வரைபடம் என் ஆசைக்குச் செய்வது. வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஊசியில் நூல் கோக்கவும் ஸ்கேல் வைத்து அளக்கவும் தெரிந்தால் இந்த வேலை வரும்.

நேரத்தை ஏன் அளவுகோலாக்க வேண்டும் என்று கேட்கும் பினாங்குக்காரர்களுக்கு வெள்ளி ரதத்தைச் சொல்வேன். லெபு பினாங்கு தெருவில் உள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குக் காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் கிளம்புகிற ரதம் போய்ச் சேர இரவாகிவிடும். வழியெல்லாம் தேங்காய், தண்ணீர்ப் பந்தல், அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் கூட்டம். சாதாரண வரைபடத்தில் அந்தத் தெருக்கள் வெறும் கோடுகள். அரை மணி நேரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து வரைந்தால், ரதம் நின்ற ஒவ்வொரு சந்திப்பும் விரிந்துகொண்டு முன்னே வரும்.

முதல் வேலை கேட்பது. வரைவதைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். "எந்த வழியாக வந்தார்கள்?" என்று கேட்டால் பெரியவர்கள் நான்கு ஊர்ப்பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அங்கே எத்தனை நாள் இருந்தார்கள், எங்கே படுத்தார்கள், யார் சமைத்தார்கள் என்று கேளுங்கள். என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர். 'நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்' என்ற ஒரே வரிதான் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் வழங்கிவந்தது. அதை வைத்துக்கொண்டு அத்தையிடம் போனேன்.

"இறங்கியதும் நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டாரா அத்தை?"

"எங்கேயம்மா விட்டார்கள்? ஜெரஜாக் தீவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஏழு நாள். கரை கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் முடியவில்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்."

தொற்றுநோய்க்கு அஞ்சி, கப்பலில் வந்த தொழிலாளர்களைப் பினாங்குக்குள் விடுவதற்கு முன் ஜெரஜாக்கில் தடுத்து வைப்பது அக்கால நடைமுறை. நம் குடும்பங்களில் பலருக்கு மலாயாவின் முதல் மண் அந்தத் தீவுதான். ஆண்டு தெரியாவிட்டாலும் ஓரளவு கணிக்கலாம். ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. ஆகவே ரஜூலாவில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு வந்தவர் என்றால் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் வந்திருக்க வேண்டும்.

கேட்டதை நாள்கணக்காக ஒரு தாளில் எழுதுங்கள். தாத்தாவின் கணக்கு இப்படி அமைந்தது: கிராமத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2 நாள், அங்கே முகாமில் 4 நாள், கடலில் 6 நாள், ஜெரஜாக்கில் 7 நாள், எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து ரயிலில் சுங்கை பட்டாணித் தோட்டத்துக்கு அரை நாள். மொத்தம் பத்தொன்பதரை. ஏ3 தாளின் நீளம் 42 சென்டிமீட்டர். நாளுக்கு 2 சென்டிமீட்டர் வைத்தால் 39 வரும். சட்டத்துக்குள் ஓரம் விட இடம் இருக்காது. ஒன்றரை வைத்தால் 29 சென்டிமீட்டரும் கொஞ்சமும். அதுதான் சரி. இப்போது ஒவ்வொரு பகுதியையும் பெருக்கிப் பாருங்கள். வங்கக் கடல் முழுவதும் 9 சென்டிமீட்டர். ஜெரஜாக் பத்தரை. ரயில் பயணம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. உலக வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத தீவு, கடலைவிடப் பெரிதாகி நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு அளவுகோலில் வரைய மனம் வரவில்லை.

நீளத்தை இப்படி மாற்றலாம், திசையை மாற்றக் கூடாது. திசையும் மாறினால் பார்க்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. நாகப்பட்டினம் இடப்பக்கம் மேலே, பினாங்கு வலப்பக்கம் கீழே, அங்கிருந்து சுங்கை பட்டாணிக்குச் சற்றே மேலேறி வலப்பக்கம். கரைகளின் வடிவமும் உண்மையாக இருக்கட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் வேண்டிய பகுதியைப் பெரிதாக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியையும் உங்கள் கணக்குக்கு ஏற்பத் தனித்தனி அளவில் அச்சிட வேண்டும். நீங்கள் செய்ததை விற்பதாக இருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி என்று ஓரத்தில் எழுதுவது அதன் உரிம விதி.

அச்சிட்ட வரைபடம் இன்றைய வரைபடம் என்பதை மறக்காதீர்கள். பயணம் நடந்த ஆண்டுக்குப் பிறகு வந்ததை எல்லாம் நீக்குங்கள். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தார்கள், இரண்டாவது பாலம் 2014-இல். நகரத்துக்குள் நடந்த பழைய பயணம் என்றால் கரைக்கோட்டிலும் கவனம் வேண்டும். லெபு பந்தாய் ஒரு காலத்தில் கடலை ஒட்டிய தெரு. வெல்ட் கீ தெரு இருக்கும் நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து உருவாக்கியது. தெருப்பெயர்களைப் பயணம் போனவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதுங்கள்.

தாள் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளாக, அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். அதைவிட மெல்லிய தாள் ஊசியைத் தாங்காது. கரைக்கோட்டைத் தாளுக்கு மாற்ற கார்பன் பேப்பர் வேண்டாம். அதன் மெழுகுக் கறை ரப்பருக்குப் போகாது, மேலே வண்ணமும் ஒட்டாது. அச்சுத்தாளின் பின்புறத்தை 4பி பென்சிலால் தேய்த்துவிட்டு, முன்புறம் கூரான பென்சிலால் கோட்டின் மேல் ஓட்டுங்கள். பிறகு வண்ணம், அது முழுக்க உலர்ந்ததும் மை, கடைசியில் தையல் என்ற வரிசை மாறக் கூடாது. மை, நீரில் கரையாத பிக்மென்ட் மையாக இருக்கட்டும். சாதாரணப் பேனா மை நம் ஊர் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

வண்ணத்தில் கஞ்சத்தனம் நல்லது. தாத்தாவின் வரைபடத்தில் ஜெரஜாக்குக்கு மட்டும் அடர்ந்த பச்சை கொடுத்தேன். பினாங்குக் கரையைத் தீவின் இடப்பக்கம் வெளிறிய நீலச்சாம்பல் பட்டையாக, விவரம் ஏதுமின்றி விட்டுவிட்டேன். ஏழு நாளும் அவர் கண்ட பினாங்கு அவ்வளவுதான்.

இனித் தையல். என் முறையில் போகிற பாதைக்குப் பின்தையல் (பேக் ஸ்டிச்), காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முடிச்சு. பாதையைப் பென்சிலால் மெல்லக் குறித்து, 4 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். வளைவுகளில் 3 போதும். அதற்கும் நெருங்கினால் தபால்தலையின் ஓரம் போலக் கிழிந்து வந்துவிடும். தாளைக் கார்க் பலகையின் மேல் வைத்து, எல்லாத் துளைகளையும் முன்புறமிருந்து முதலிலேயே குத்திவிடுங்கள். துணியில் தைப்பதுபோல ஊசியை உள்ளே விட்டு வெளியே தேடினால் தாள் சுருங்கிவிடும்.

ஆறு இழை உள்ள எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையை மட்டும் பிரித்தெடுங்கள். சிவப்பு நூலாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் வேறு நூல் வாங்குங்கள், நம் ஊர்க் காற்றின் ஈரமே அதைத் தாளில் இறக்கிவிடும். நூலின் தொடக்கத்தில் முடிச்சுப் போட வேண்டாம், முன்பக்கம் மேடாகத் தெரியும். பின்புறம் நூல்முனையைக் காகித டேப்பால் ஒட்டுங்கள். செலோடேப் சில ஆண்டுகளில் பழுத்து, அதன் பசை தாளுக்குள் ஊறும்.

காத்திருந்த நாளுக்குப் பிரெஞ்சு முடிச்சு. துணியில் போட்டுப் பழகியவர்களுக்குத் தாளில் ஒரு சிக்கல் வரும். ஊசி வந்த துளைக்குள்ளேயே திரும்ப விட்டால் முடிச்சும் சேர்ந்து பின்புறம் போய்விடும். அதனால் முதல் துளைக்குப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது துளை போடுங்கள். நூலை மேலே இழுத்து, ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுற்றை இடது கைவிரலால் தாளோடு அழுத்தியபடியே இரண்டாவது துளையில் இறக்குங்கள். நூல் முழுதும் போகும்வரை விரலை எடுக்கக் கூடாது. நாகப்பட்டின முகாமில் நான்கு, ஜெரஜாக்கில் வடக்கிலிருந்து தெற்காக ஏழு. அத்தை முதலில் தொட்டுப் பார்த்தது அந்த ஏழைத்தான்.

எழுத்தை அச்சிட்டு ஒட்ட வேண்டாம், கையால் எழுதுங்கள். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். சொரசொரப்பான தாளில் சிறிதாக எழுதினால் ண, ஞ, ழி எல்லாம் மையில் அடைபட்டுப் போகும். எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 0.3 பேனாவால் எழுதினால் தெளிவாக நிற்கும். தையலுக்குத் துளையிடும் முன்பே பெயர்களைப் பென்சிலால் எழுதி இடம் பிடித்துவிடுங்கள். கடலின் பெயருக்கு நீல மை, ஊர்களுக்குக் கறுப்பு.

டிக்கெட், கடிதம், அடையாள அட்டை போன்றவற்றை ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நகலை ஒட்டுங்கள். தாத்தா, பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையையோ கப்பல் சீட்டையோ எந்த வரைபடத்துக்காகவும் பசையில் தொடாதீர்கள். இன்றைய பஸ் டிக்கெட், கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சிட்டவை, தானாகவே வெளுத்துவிடும். அவற்றையும் உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் போடுவதில் நான் விட்டுக்கொடுக்காத சில உண்டு. நூலும் தாளும் கண்ணாடியைத் தொடக் கூடாது. பினாங்கின் ஈரத்தில் கண்ணாடிக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இடையில் குறைந்தது 2 மில்லிமீட்டர் மவுண்ட் அட்டை வேண்டும்; முடிச்சுகள் உயரமாக இருந்தால் இரண்டு அட்டை. படத்தைப் பின் அட்டையில் முழுவதும் ஒட்டிவிடாதீர்கள். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு காகிதக் கீல்கள் போதும். ஈரத்தில் விரியவும் வெயிலில் சுருங்கவும் தாளுக்கு இடம் கிடைக்கும். கீலுக்குக் கோதுமை மாவுப் பசை நல்லது. பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம், அப்பாவும் கலப்பார். செம்பு உப்பு தாளை அரிக்கும் என்பதால் நான் கலப்பதில்லை. பசையை மெல்லியதாகத் தடவி, நன்றாக உலரவிட்டு, பின்புறத்தைக் காகித டேப்பால் இடைவெளியின்றி மூடினால் இராமபாணப் பூச்சிக்கு வழியிருக்காது. சட்டத்தின் கீழ்மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாலை வெயில் விழும் சுவரிலும் மாட்டாதீர்கள்.

மூடுவதற்கு முன் படத்தின் பின்புறம் பென்சிலால் மூன்று விவரம் எழுதுங்கள்: யாருடைய பயணம், யார் சொல்லக் கேட்டது, ஒரு நாளுக்கு எத்தனை சென்டிமீட்டர். அளவை முன்புறமும் ஒரு மூலையில் சிறு கோடாக வரைந்து 'ஒரு நாள்' என்று எழுதிவிடுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால், பார்க்கிறவர் தீவைத் தவறாக வரைந்துவிட்டதாக நினைப்பார்.