புவித்தட்டு எல்லையின் வகையை வரைபடத்தில் கண்டறிவது எப்படி?

புவியின் வெளி ஓடாக அமைந்து மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகளே புவித்தட்டுகள். அவற்றின் எல்லைகள் மூன்று வகைப்படும்: தட்டுகள் பிரிந்து செல்லும் விலகும் எல்லை, ஒன்றையொன்று நெருக்கும் குவியும் எல்லை, பக்கவாட்டில் உரசி நகரும் எல்லை. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, வரைபடத்தைப் பார்த்து நாமே வகைப்படுத்தப் பழகுவது நல்லது. கடலடித் தரைத்தோற்றத்தைக் காட்டும் உலக வரைபடமும், நிலநடுக்கங்களின் இடத்தையும் ஆழத்தையும் தரும் பட்டியலும் இருந்தால் போதும்; அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இத்தகைய பட்டியலை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது.

முதலில் ஆழத்தைப் பாருங்கள். பலர் எரிமலைகளைத்தான் முதலில் தேடுவார்கள். ஆனால் ஆழத்தைவிடத் தெளிவான சான்று இல்லை என்றே நான் கருதுகிறேன். 70 கி.மீ.க்குள் நிகழும் நிலநடுக்கங்கள் மூன்று வகை எல்லைகளிலும் உண்டு. அதற்குக் கீழே ஏறத்தாழ 700 கி.மீ. வரை நிகழ்பவை பெரும்பாலும் குவியும் எல்லைகளுக்கே உரியவை; குளிர்ந்த, விறைப்பான தட்டு ஒன்று அமிழ்ந்து இறங்கினால்தான் அவ்வளவு ஆழத்தில் அதிர்வு பிறக்க முடியும்.

ஜப்பானுக்குக் கிழக்கே கடலடியில் நீண்ட ஆழ்பள்ளமாக உள்ள ஜப்பான் அகழியில் தொடங்கி மேற்கே நகர்ந்து, நிலநடுக்கங்களை ஆழத்திற்கேற்ப வெவ்வேறு நிறத்தில் குறித்துப் பாருங்கள். அகழியருகே ஆழம் குறைவாக இருக்கும். தீவுகளுக்கு அடியில் 100 கி.மீ.யைத் தொடும், ஜப்பான் கடலையும் தாண்டி ரஷ்யத் துறைமுக நகரான விளாடிவஸ்டாக் பக்கம் 500 கி.மீ.க்கும் கீழே போய்விடும். பசிபிக் தட்டு சாய்வாக இறங்கும் பாதையை அந்தப் புள்ளிகளே வரைந்து காட்டிவிடும். தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது, அதன் கனிமங்களிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு உருவாகிறது. எரிமலை வரிசை அகழிக்கு இணையாக, ஆனால் அதிலிருந்து தள்ளி அமைவது இதனால்தான். இமயமலையும் குவியும் எல்லைதான்; ஆனால் அங்கு இரு புறமும் எடை குறைந்த கண்ட மேலோடு (கண்டங்களின் பாறை அடுக்கு) இருப்பதால் தட்டு எளிதில் அமிழ்வதில்லை; அதனால் அகழியும் இல்லை, எரிமலை வரிசையும் இல்லை. நிலநடுக்கங்கள் அகன்ற பரப்பில் சிதறிக் கிடக்கின்றன.

ஆழம் குறைந்தவை மட்டுமே தென்பட்டால், கடலடித் தரையைக் கவனியுங்கள். நீண்ட மலைத்தொடர் ஓடினால் அது விலகும் எல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. அகலும் நடு அட்லாண்டிக் தொடர், ஐஸ்லாந்தில் கடல்மட்டத்திற்கு மேலேயே தெரிகிறது.

அந்தத் தொடர் ஆங்காங்கே வெட்டுண்டு, பக்கவாட்டில் விலகி மீண்டும் தொடர்வதையும் காண்பீர்கள். வெட்டுக்கோடு இரு புறமும் நெடுந்தூரம் நீண்டாலும், நிலநடுக்கங்கள் இரு மலைத்தொடர் முனைகளுக்கு இடைப்பட்ட பகுதியில்தான் செறிந்திருக்கும். அங்குதான் தட்டுகள் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன; அதுவே பக்கவாட்டில் உரசி நகரும் எல்லை. முனைகளுக்கு அப்பால் கோட்டின் இரு பக்கமும் ஒரே திசையில் செல்வதால் உரசலுக்கு இடமில்லை. கனடிய அறிஞர் டூசோ வில்சன் 1965-இல் இவ்விளக்கத்தை முன்வைத்தார். நிலத்தில் இவ்வகைக்குக் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நல்ல சான்று.

தட்டின் நடுவிலுள்ள ஹவாய் எரிமலைகளை எந்த எல்லையோடும் சேர்க்காதீர்கள். சுமாத்திராவில் தட்டு சாய்கோணத்தில் வந்து மோதுவதால், நெருக்கும் அசைவைக் கடலோர அகழியும் பக்கவாட்டு அசைவைத் தீவின் நீளவாக்கில் ஓடும் பிளவும் பெரும்பாலும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2004 டிசம்பர் 26-இன் பேரதிர்வு அகழிப் பக்கத்தைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட இடங்களில் ஒரே பெயருக்குள் அடக்க முயலாமல், இரு வகைகளையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.