முகவருக்குக் கருவி விளக்கம் எழுதும் முறை

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைத் தரும் மென்பொருள் கருவி ஒன்றை, கிளிநொச்சி விவசாயிகளுக்கு உதவும் செயற்கை நுண்ணறிவு முகவரிடம், அதாவது கேள்விக்கு ஏற்ற கருவியைத் தானே தெரிந்து பயன்படுத்தும் மென்பொருளிடம், ஒப்படைப்பதாகக் கொள்வோம். முகவர் பொதுவாகக் கருவியின் நிரலைப் பார்ப்பதில்லை. பெயர், விளக்கம், உள்ளீட்டு வரையறை (எதை, எந்த வடிவில் கொடுக்கவேண்டும் என்பது) ஆகியவற்றைப் படித்தே கருவியை அழைப்பதா இல்லையா என்று முடிவெடுக்கும். ஆகவே "நீர்த் தகவல் தரும்" என்பது போதாது. "கேட்ட திகதியில் பதிவான நீர்மட்டத்தை அடிக்கணக்கில் தரும்; திகதியை 2025-01-14 என்ற ஒழுங்கில் கொடுக்கவும்; பதிவு இல்லையெனில் விடை வெறுமையாக வரும், அதைப் பூச்சியமாகக் கொள்ளக்கூடாது" என்று எழுதுங்கள். கருவி செய்யாததைச் சொல்வதே மிக முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்: சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை இது கணிக்காது என்ற வரி இல்லாவிட்டால், முகவர் நீர்மட்டத்தை வைத்து ஊகித்துச் சொல்லிவிடக்கூடும், அதை நம்பி ஒருவர் வயலை உழுதுவிடவும் கூடும். மழைவீழ்ச்சிக்கு வேறு கருவி இருந்தால், அதன் பெயரையும் அங்கேயே குறிப்பிடுங்கள்.