குரல்வளையில் மரு: பெற்றோருக்கு என் அனுபவத்திலிருந்து

என் மகளுக்கு மூன்று வயதில் குரல் கம்மியது. சளி என்றார்கள், அப்புறம் இழுப்பு, அதாவது ஆஸ்துமா என்றார்கள். ஏழு மாதம் நெபுலைசர் வைத்தும் குறையவில்லை. கடைசியில் தெரிந்தது, பாப்பிலோமா என்கிற மருக்கள் குரல்வளையில் வளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்திருந்தன. புற்றுநோய் கிடையாது, எச்பிவி வைரஸின் 6, 11 வகைகளால் வருவது. ஆனால் குழந்தையின் மூச்சுப்பாதையை அடைக்கச் சின்ன வளர்ச்சியே போதும்.

சத்தத்தைக் கவனியுங்கள். இழுப்பில் பெரும்பாலும் மூச்சை விடும்போதுதான் விசில் கேட்கும். குரல்வளை அடைத்தால் மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரக்கும். குழந்தை தூங்கும்போது சட்டையைத் திறந்துவிட்டு, தொண்டைக்குழி தெரிய வீடியோ எடுங்கள். என் மகளுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழி விரல் நுனி புதைகிற அளவு உள்ளே போனது. அதைப் பார்த்த ஈஎன்டி டாக்டர் அன்றே மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். திரையில் குரல்நாண் மேல் இளஞ்சிவப்பாகப் பாலுண்ணிக் கொத்து.

ஆபரேஷனில் வெளியே வெட்டு இல்லை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக மைக்ரோடிப்ரைடர் என்கிற, மருவைச் சீவி உறிஞ்சும் கருவியாலோ லேசராலோ மருவை எடுப்பார்கள். ‘ஒன்றுவிடாமல் சுரண்டிவிடுங்கள்’ என்று டாக்டரை நெருக்காதீர்கள். இரண்டு குரல்நாணும் முன்னால் சேரும் இடத்தில் இருபக்கமும் புண்ணானால் ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிடும். அங்கே கொஞ்சம் விட்டுவைப்பதுதான் நல்ல கைப்பக்குவம். எடுத்த சதையை பயாப்ஸி என்கிற திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று மட்டும் கேளுங்கள்.

மரு திரும்ப வரும். மனசு விட்டுப்போகாதீர்கள், என் மகளுக்கு இதுவரை ஆறு ஆபரேஷன். குரல் எப்போது கம்மியது, மாடி ஏறினால் திணறுகிறாளா என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுகிறேன். அடுத்த ஆபரேஷனை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆபரேஷன் வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் போனால், மரு வளர்வதைக் கட்டுப்படுத்தத் தரும் பெவாசிசுமாப் மருந்து பற்றிக் கேளுங்கள். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளை போடுவதை முடிந்தவரை தவிர்ப்பார்கள், மரு கீழே பரவக்கூடும் என்பதால். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னால் தயங்கவே வேண்டாம்.

உதடு நீலம் பாய்ந்தாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, அழவிடாமல், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பழைய ஆபரேஷன் ஃபைல் கையில் இருக்கட்டும்.