மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்: கடனில் மூழ்கியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் ஊரில் ஒருவர் கடனைக் கட்ட முடியாமல் கோர்ட்டில் திவால் மனுப் போட்டுக் கைவிரித்தால் "மஞ்ச நோட்டீஸ் கொடுத்துட்டான்" என்பார்கள். மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், தெரிந்தவர்களிடம் புரோநோட்டு எழுதி வாங்கியது என்று 7,40,000 ரூபாயோடு நின்றபோது எனக்கும் அதுதான் தோன்றியது. கடைசியில் கொடுக்கவில்லை. என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன். வட்டி எப்படி ஏறுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 1: நோட்டில் எழுதுங்கள்

ஆப் எதுவும் வேண்டாம், 40 பக்க நோட்டு போதும். (நான் முதலில் எக்செலில் போட்டேன். மொத்தத் தொகையைப் பார்க்கப் பயந்து அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை.) நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் இறக்கிப் பாருங்கள், மறந்துபோன கடன் ஒன்றாவது கிடைக்கும்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: அடமானம் உள்ளவை, அடமானம் இல்லாதவை, செக் கொடுத்தவை. செக் திரும்பினால் அது குற்ற வழக்கு. திவால் மனு அதைத் தடுக்காது. அடமானம் வைத்த வீட்டின் மீது வங்கிக்குள்ள உரிமையும் அப்படியேதான் இருக்கும்.

படி 2: மஞ்சள் நோட்டீஸ் என்ன செய்யும்?

2016-ல் வந்த திவால் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் நானும் வக்கீலிடம் போனேன். "தம்பி, அதில் தனிநபர் பகுதி கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு 1920-ஆம் வருடச் சட்டம்தான்" என்றார். சென்னைக்கு வெளியே ஐ.பி. மனுவை (இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு) சப் கோர்ட்டில் போட வேண்டும். சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருடச் சட்டம், மனு உயர் நீதிமன்றத்தில். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம். அந்தத் தொகையை யாரும் மாற்றவே இல்லை!

மனுப் போட்டாலே கடன் தீர்ந்தது என்று ஊரில் நினைக்கிறார்கள். அது தப்பு. கோர்ட் விசாரித்து உங்களை நொடித்தவர் (திவாலானவர்) என்று அறிவித்தால் உங்கள் சொத்து கோர்ட்டுக்கோ, சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவருக்கோ போய்விடும். அதன் பிறகு கோர்ட் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் தனியாக வழக்குப் போட முடியாது. அப்புறம், கோர்ட் சொன்ன கெடுவுக்குள் கடன்களிலிருந்து 'விடுவிப்பு' கேட்டு நீங்களே இன்னொரு மனுப் போட வேண்டும். அதை விட்டால் அறிவிப்பே ரத்தாகிவிடும். விடுவிப்புக் கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை தீராது.

எனக்கென்று இருந்தது அப்பா விட்டுப்போன 2 சென்ட் இடம். மனுப் போட்டால் முதலில் அதுதான் போகும். அதனால் அடுத்த படிக்குப் போனேன். சொத்தே இல்லை, கடன் கொடுத்தவர்கள் நிறையப் பேர், பேசி முடிக்கக் கையில் காசும் இல்லை என்றால் உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

படி 3: செட்டில்மென்ட் (நான் விழுந்த இடம்)

செட்டில்மென்ட் என்றால் நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டி, மீதியை வங்கி தள்ளுபடி செய்வதாகப் பேசி முடிப்பது. எனக்கு ஒரு கார்டில் 1,86,000 ரூபாய் நிலுவை. மாதக் கடைசியில் கலெக்‌ஷன் ஏஜென்ட் கூப்பிட்டார்: "சார், இன்னிக்குள்ள 20,000 போட்டீங்கன்னா மொத்தமே 90,000-க்கு முடிச்சுத் தர்றேன், லெட்டர் நாளைக்கு வரும்." மனைவியின் வளையலை அடகு வைத்துப் போட்டேன். லெட்டர் வரவில்லை. அடுத்த மாதம் வேறு ஏஜென்ட் பேசினார், அவருக்கு எதுவும் தெரியாது. அந்த 20,000 சாதாரணக் கட்டணமாக வட்டியில் கரைந்திருந்தது.

முதலில் லெட்டர், அப்புறம்தான் பணம். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் படத்தை நம்பாதீர்கள். வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். அதில் கணக்கு எண், மொத்தத் தொகை, ஒவ்வொரு தவணைக்கும் தேதி, இது முழு இறுதித் தீர்வு என்பது, மீதி தள்ளுபடி என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், அந்தக் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். ஒரு தவணை தவறினாலும் பேச்சு முறிந்தது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் முழுத் தொகையும் கையில் சேர்ந்த பிறகே நான் இரண்டாவது முறை பேசினேன். 95,000-க்கு முடிந்தது.

உங்களுக்காகப் பேரம் பேசித் தருகிறோம் என்று மாதக் கட்டணம் கேட்பவர்கள் பக்கமே போகாதீர்கள். அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலை நீங்களே அனுப்பலாம்.

படி 4: முடிந்த பிறகு

நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கி வையுங்கள். சிபிலில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று வரும், 'க்ளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) என்று வராது. அடுத்த கடன் கேட்கும்போது இது உறுத்தும், தெரிந்தே செய்யுங்கள். அறிக்கையில் தவறு இருந்து, புகார் செய்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

பின்சேர்க்கை: கமென்ட்டில் வந்தவை

வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிட்டு ஐ.பி. போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் சும்மா எழுதிக் கொடுத்ததை, நொடித்தவர் என்று அறிவித்த பிறகு கோர்ட் ரத்து செய்ய முடியும். அதோடு உங்கள் நாணயமும் போகும்.

ஜாமீன் போட்ட மச்சான் தப்பிப்பாரா? மாட்டார். உங்களுக்கு விடுவிப்புக் கிடைத்தாலும் அவர் பொறுப்பு அப்படியே இருக்கும். மனுப் போடுவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரவு பத்து மணிக்குப் போன் வருகிறது என்று எழுதிய சகோதரிக்கு: காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் மாவட்ட கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போங்கள். நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.